கோரோசனையும் கொலஸ்டிராலும்

திருவண்ணாமலைத் தீபத்தை அறியாத தமிழர் இலர். கார்த்திகைத் திங்களில், 2,668 அடி உயர்ந்து நிற்கும் அம்மலையின் முடியில், பெருங்கொப்பரையில் நெய் வார்த்துத் திரியிட்டு ஏற்றும் விளக்கொளியைக் காண நாடெங்கும் இருந்து மக்கள் திரள்வர். அத்திருவிழாவுக்கு மற்றொரு முகமும் உண்டு. தீபத்தை ஒட்டி அவ்வூரில் மாட்டுச் சந்தை கூடுவது நெடுங்கால வழக்கம். மலையை வலம் வந்த குடியானவன், உழவுக்கு ஒரு சோடிக் காளையையும் பார்த்துக்கொண்டு ஊர் திரும்புவான். பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பதும், துண்டின் மறைவில் விரலைத் தொட்டு விலை பேசுவதும் சந்தையின் பழைய மரபுகள்.

அம்மாட்டினம் நமக்குத் தரும் பொருள்கள் பல. பாலும் நெய்யும் உழைப்பும் எல்லாரும் அறிந்தவை. அறியாத பொருள் ஒன்று உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கோரோசனை என்று கேட்டால், கடைக்காரர் சிறு பொட்டலம் ஒன்றை எடுத்துக் காட்டுவார். மஞ்சளும் செம்மையும் கலந்த நிறம், நாவில் கசப்பு. தாய்ப்பாலில் இழைத்துக் குழந்தைக்குப் புகட்டும் மருந்தாகவும், நெற்றியில் இடும் திலகத்துக்குரிய பொருளாகவும் அதனை நம் முன்னோர் போற்றினர். சித்த மருத்துவத்தில் கோரோசனை மாத்திரை என்றே ஒன்று உண்டு. சீனரும் இதனைத் தம் மருந்துகளில் நெடுங்காலமாகச் சேர்த்து வருகின்றனர். இயற்கைக் கோரோசனை இன்று உலகச் சந்தையில் பொன்னினும் கூடுதலான விலைக்குப் போகின்றது. இவ்வளவு மதிப்புடைய அப்பொருள் யாது? மாட்டின் பித்தப்பையில் உண்டான கல்லே அது.

மாட்டின் வயிற்றில் பிறந்தால் மருந்து. மனிதன் வயிற்றில் பிறந்தால் நோய். ஒரே உறுப்பில், ஒரே நீரிலிருந்து உண்டாகும் இக்கல் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை அறிய மனித குலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி தேவைப்பட்டது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அது நம் நாட்டு நோயாளிக்கு எவ்வாறு பயன்படும் என்பதையும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

பித்தம் என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. அண்ணாமலையானையே பித்தன் என்று அடியார் அழைப்பர். அறிவு தடுமாறினால் பித்தம் தலைக்கேறியது என்கிறோம். வாய் கசந்தாலும் பித்தம் என்கிறோம். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் ஏற்றத்தாழ்வே நோய் என்பது நம் மருத்துவத்தின் அடிப்படை. இக்கொள்கையைத் திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் எடுத்தாள்கின்றார். ஆயராகக் கால்நடை மேய்த்தவர் என்று சொல்லப்படும் இடைக்காட்டுச் சித்தர் திருவண்ணாமலையிலே அடங்கினார் என்பது மரபு. ஆயினும் ஒன்றை மனத்தில் கொள்ளல் வேண்டும். சித்த மருத்துவம் கூறும் பித்தம் உடல் முழுதும் பரந்து நின்று இயங்கும் ஓர் ஆற்றல். கல்லீரலில் சுரந்து குடலுக்குச் செல்லும் பச்சை மஞ்சள் நீரை மட்டும் குறிப்பதன்று. இரண்டுக்கும் பெயர் ஒன்றாதலின் குழப்பம் நேர்வதுண்டு. இங்கே நாம் பேசுவது அந்நீரைப் பற்றியே. அதனைப் பித்தநீர் என்று குறிப்பிடுவோம்.

பித்தக்கல் பழமையான நோய். பண்டை எகிப்தில் கோயிற் பணிபுரிந்த பெண் ஒருத்தியின் பதனிட்ட உடலில் பித்தப்பையும் அதனுள் கற்களும் இருப்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டனர். இலண்டனில் காக்கப்பட்ட அப்பொருள் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்துபோயிற்று. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து மருத்துவர் பெனிவியெனி, இறந்தோர் உடலைத் திறந்து பித்தக்கற்களைக் கண்டு எழுதிய குறிப்புகள், அவர் மறைந்தபின் 1507-இல் அச்சேறின. கல் உண்டு என்பது இவ்வாறு தெரிந்தது. ஆனால் அக்கல் எப்பொருளால் ஆனது என்பதை அறியப் பதினெட்டாம் நூற்றாண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

அந்நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் பூலத்தியே த லா சால் என்பவர் பித்தக்கற்களைச் சாராயத்தில் கரைத்து ஆற வைத்தார். வெண்ணிறமாய் மின்னும் மெல்லிய படிகத் தகடுகள் படிந்தன. அது கொழுப்போ மெழுகோ என்று வேதியியலார் நெடுநாள் மயங்கினர். அம்மயக்கத்தைத் தீர்த்தவர் செவ்ரூல் என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர். எண்ணெயையும் கொழுப்பையும் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சோப்பாகும். இப்படிகத்தைக் காய்ச்சியபோது சோப்பு ஆகவில்லை. ஆகவே இது கொழுப்பினின்றும் வேறான பொருள் என்று 1815-ஐ ஒட்டி அவர் நிறுவினார். கிரேக்க மொழியில் பித்தத்தைக் குறிக்கும் சொல்லையும் திண்மையைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து அதற்குப் பெயரிட்டார். அப்பெயரின் வழிவந்ததே இன்று படித்தவர் படியாதவர் அனைவர் வாயிலும் வழங்கும் கொலஸ்டிரால் என்னும் சொல். இன்று மாரடைப்போடு சேர்த்தே இதனைப் பேசுகிறோம். இதயத்தில் பேரெடுத்த பொருள் முதன்முதலில் அறியப்பட்டது பித்தக்கல்லில் என்பதைப் பலர் அறியார். செவ்ரூல் 1786-இல் பிறந்து 1889-இல் மறைந்தவர். நூறாண்டைக் கடந்து வாழ்ந்த அவர், தாம் பெயரிட்ட பொருள் மூளையிலும் குருதியிலும் முட்டையிலும் உண்டென்று பிறர் கண்டறிந்ததையெல்லாம் இருந்து பார்த்தார்.

பித்தநீரில் வேறொரு பொருட்கூட்டமும் உண்டு. அவை பித்த அமிலங்கள். செருமானிய அறிஞர் வீலாந்து பித்த அமிலங்களை ஆராய்ந்தார். அவர் நாட்டினரான விண்டவுஸ் கொலஸ்டிராலை ஆராய்ந்தார். முன்னவருக்கு 1927-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும், பின்னவருக்கு 1928-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் கிடைத்தன. பரிசு பெற்ற பின்னர் ஒரு வியப்பு நேர்ந்தது. இங்கிலாந்தில் பெர்னால் என்பவர் எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு இத்தகைய படிகங்களை அளந்தபோது, அவ்விருவரும் வகுத்த அமைப்புக்கு அளவு பொருந்தவில்லை. 1932-இல் அவ்வமைப்புத் திருத்தப்பட்டது. திருத்தத்தை ஏற்றுத் தாமே செம்மை செய்தவர்களுள் வீலாந்தும் ஒருவர். கொலஸ்டிராலுக்கும் பித்த அமிலத்துக்கும் நான்கு வளையங்கள் இணைந்த ஒரே எலும்புக்கூடு என்பது அப்போது ஐயமின்றித் தெளிந்தது.

முகச்சாயல் ஒத்திருந்தால் உறவும் இருக்கும் அன்றோ? அவ்வுறவை 1943-இல் அமெரிக்காவில் கொன்ராடு பிளாக் முதலானோர் மெய்ப்பித்தனர். அடையாளம் இட்ட கொலஸ்டிராலை ஒரு நாயின் உடலில் செலுத்த, அவ்வடையாளம் பித்த அமிலத்தில் வந்து நின்றது. கொலஸ்டிராலே பித்த அமிலமாக மாறுகின்றது என்பது இதனால் உறுதியாயிற்று. ஒன்று தாய், மற்றொன்று சேய். உடல் கொலஸ்டிராலைக் கட்டும் முறையைக் கண்டமைக்காகப் பிளாக்குக்கும் லீனன் என்னும் செருமானியருக்கும் 1964-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இந்தத் தாய் சேய் உறவை நன்கு விளங்கிக்கொண்டால் பித்தக்கல்லின் மறைபொருள் பாதி விளங்கிவிடும். கொலஸ்டிரால் உடலுக்கு இன்றியமையாத பொருள். உயிரணுவின் சுவருக்கும் பல சுரப்புகளுக்கும் அது வேண்டும். உணவில் வருவது ஒரு பங்கு. உடலே ஆக்கிக்கொள்வது அதனினும் மிகுதி. ஆனால் அதன் நான்கு வளையங்களையும் உடைத்தெறியும் ஆற்றல் மனித உடலுக்கு இல்லை. விறகை எரிப்பதுபோல் மாவையும் கொழுப்பையும் உடல் எரித்துவிடும். கொலஸ்டிராலை எரிக்க இயலாது. மிகுந்ததை வெளியேற்றப் பித்தநீரே பெருவழி. அவ்வழியில் அது இருவகையாகச் செல்லும்: பித்த அமிலமாக மாறிச் செல்லும், மாறாமல் கொலஸ்டிராலாகவே பித்தநீரில் கலந்தும் செல்லும்.

இங்கேதான் இடர் தோன்றுகின்றது. பித்தநீரில் பெரும்பகுதி தண்ணீர். கொலஸ்டிரால் தண்ணீரில் கரையாது. நெய்க்கிண்ணத்தைத் தண்ணீரில் கழுவினால் நெய் போகுமா? சீயக்காயோ சோப்போ வேண்டும். பித்தநீரில் சோப்பின் வேலையைச் செய்வன பித்த அமிலங்களே. அவற்றின் ஒரு முகம் நீரை விரும்பும். மறுமுகம் எண்ணெயை விரும்பும். லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருளைத் துணையாகக் கொண்டு, அவை கொலஸ்டிராலைச் சூழ்ந்து நுண்ணிய திரள்களாக நீரில் மிதக்கச் செய்கின்றன. தாயைத் தோளில் சுமந்து செல்லும் பிள்ளைபோல், கொலஸ்டிராலிலிருந்து பிறந்த அமிலமே கொலஸ்டிராலைச் சுமந்து செல்கின்றது.

கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்கு மேல், ஒரு லிட்டர்வரை பித்தநீர் சுரக்கும். பித்தப்பையோ 30 முதல் 50 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும். அது நீரை உறிஞ்சிப் பித்தத்தைச் செறிவாக்கி வைத்துக்கொண்டு, நாம் உண்ணும்போது சுருங்கிக் குடலில் பாய்ச்சும். குடலில் எண்ணெயையும் நெய்யையும் செரிக்கச் செய்தபின் பித்த அமிலம் வீணாவதில்லை. சிறுகுடலின் கடைப்பகுதி நூற்றுக்கு 95 பங்கை உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்புகின்றது. உடலில் உள்ள பித்த அமிலம் மொத்தம் 2 முதல் 4 கிராம்தான். அச்சிறு அளவு ஒரு நாளில் 6 முதல் 10 முறை கல்லீரலுக்கும் குடலுக்கும் இடையே சுற்றி வருகின்றது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றுவோர் புறப்பட்ட இடத்துக்கே மீள்வதுபோல் இந்த வலமும் இடையறாது நடக்கின்றது. வழியில் கழிந்துபோகும் ஏறத்தாழ அரை கிராமை ஈடுசெய்யக் கல்லீரல் அதே அளவு கொலஸ்டிராலை எடுத்துப் புதிய அமிலம் ஆக்குகின்றது. திரும்பி வரும் அமிலம் மிகுந்தால் ஆக்கம் குறையும். குறைந்தால் ஆக்கம் மிகும். நல்ல குடித்தனக்காரரின் வரவு செலவுக் கணக்கைப் போன்றது இது.

கணக்குத் தவறும்போது கல் பிறக்கின்றது. 1968-இல் அட்மிராண்டு, ஸ்மால் என்னும் இரு அமெரிக்க மருத்துவர் பித்தநீரின் நிலையை ஒரு முக்கோணத்தில் வரைந்து காட்டினர். ஒரு பக்கம் கொலஸ்டிரால், ஒரு பக்கம் லெசித்தின், ஒரு பக்கம் பித்த அமிலம். மூன்றும் எவ்வளவு உள்ளன என்பதினும், ஒன்றுக்கொன்று எவ்விகிதத்தில் உள்ளன என்பதே முதன்மையானது. விகிதம் ஒரு குறித்த எல்லைக்குள் இருக்கும்வரை பித்தநீர் தெளிவாக இருக்கும். எல்லையைக் கடந்தால் கொலஸ்டிரால் படிகமாகப் பிரியும். கொலஸ்டிரால் மிகுந்தாலும் எல்லை கடக்கும்; சுமக்கும் பித்த அமிலம் குறைந்தாலும் எல்லை கடக்கும். பித்தக்கல் நோயாளர் பலரின் உடலில் பித்த அமிலத்தின் மொத்த இருப்பே குறைவாக உள்ளது என்று 1970-இல் விலாச்செவிச் முதலானோர் அளந்து கூறினர்.

விகிதம் தவறிய எல்லாரிடத்தும் கல் உண்டாவதில்லை என்பதும் பின்னர்த் தெரியவந்தது. கற்கண்டு செய்வதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். சர்க்கரைப் பாகு செறிவாக இருத்தல் ஒன்று; படிகம் பற்றிப் படர ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடுதல் ஒன்று; பாகைக் கலக்காமல் பல நாள் அசையாது வைத்தல் ஒன்று. இம்மூன்றும் கூடினால்தான் கற்கண்டு விளையும். பித்தப்பையிலும் அவ்வாறே. பித்தநீர் கொலஸ்டிராலால் மிகைச்செறிவு அடைதல் வேண்டும்; படிகம் தொடங்கத் துணைசெய்யும் பசைப்பொருள் வேண்டும்; பை நன்றாகச் சுருங்காமல் பித்தம் தேங்குதல் வேண்டும்.

இதனால் பல பழைய புதிர்கள் விடுபட்டன. பெண்களுக்கு இந்நோய் ஏன் மிகுதி? பெண்மைச் சுரப்பு பித்தநீரில் கொலஸ்டிராலைக் கூட்டுகின்றது. கருவுற்ற காலத்துச் சுரப்பு பித்தப்பையைச் சோம்பச் செய்கின்றது. நீண்ட பட்டினி ஏன் தீங்கு? உண்ணாதபோது பித்தப்பை சுருங்குவதில்லை. கார்த்திகை விரதம்போல் ஒரு நாள் நோன்பால் கல் வந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டுவதில்லை. உடல் பருத்தோர் சில மாதங்களில் எடையை வெகுவாகக் குறைக்க முனைந்து பட்டினி கிடக்கும்போதுதான் ஆபத்து மிகுதி; கரையும் கொழுப்பிலிருந்து கொலஸ்டிரால் பித்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும், பையோ அசையாது கிடக்கும். குலத்தின் பங்கும் உண்டு. அமெரிக்காவின் தொல்குடியினரான பீமா மக்களில் 25 வயதைக் கடந்த பெண்களுள் பத்தில் ஏறத்தாழ ஏழு பேருக்குக் கல் இருப்பதை 1970-இல் கண்டனர். கொலஸ்டிராலைப் பித்தநீருக்குள் தள்ளும் ஒரு மரபணுவின் மாறுபாடு கல்லுக்குக் காரணமாகலாம் என்பது 2007-இல் வெளியாயிற்று. ஆகவே, வயிற்றில் கல் என்று தெரிந்தவுடன், நெய்யாகத் தின்றாய், அதனால் வந்தது என்று நோயாளியைப் பழிப்பது அறியாமை. வாயால் உண்டது ஒரு பங்கு. குருதியில் வந்த மரபும், கல்லீரலின் ஆக்கமும், பித்தப்பையின் அசைவும் எஞ்சிய பங்கு.

இனி நம் நாட்டின் நிலையைக் காண்போம். இந்திய ரயில்வேயின் மருத்துவ அதிகாரியான டாக்டர் எஸ். எல். மல்கோத்ரா, நாடெங்கும் பரந்து கிடந்த ரயில்வேத் தொழிலாளரிடையே பித்தக்கல் நோயைக் கணக்கெடுத்து 1968-இல் வெளியிட்டார். இத்தகைய ஆய்வுக்கு ரயில்வேயினும் சிறந்த களம் வேறில்லை. வடநாட்டிலும் தென்னாட்டிலும் ஒரே வகை வேலை, ஒரே வகை ஊதியம், ஒரே வகை மருத்துவப் பதிவு. உணவும் குலமும் மட்டும் வேறு. அவர் கண்ட முடிவு வியப்பானது. தென்னாட்டவரினும் வடநாட்டவரிடையே பித்தக்கல் ஏழு மடங்கு மிகுதி. பாலும் நெய்யும் மிகுதியாக உண்பவர் வடநாட்டார் என்பதால், நெய்யே குற்றவாளி என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அதே அறிஞர் முந்தைய ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இதயக் குழாய் அடைப்பு நோய் வடநாட்டாரினும் தென்னாட்டாரிடையே மிகுதி என்று காட்டியிருந்தார். கொலஸ்டிராலோடு சேர்த்துப் பேசப்படும் இரு நோய்கள். ஒன்று வடக்கே மிகுதி, மற்றொன்று தெற்கே மிகுதி! உண்ட கொழுப்பை நிறுத்துப் பார்த்து நோயைக் கணித்துவிடலாம் என்னும் எண்ணத்துக்கு இதனினும் நல்ல மறுப்பு வேண்டுமோ?

வேறொரு வேற்றுமை இதனினும் ஆழமானது. வடக்கும் தெற்கும் கல்லின் எண்ணிக்கையில் மட்டும் மாறுபடவில்லை. கல்லின் தன்மையிலும் மாறுபட்டன. வடநாட்டில் அறுவையில் எடுக்கும் கற்களில் பெரும்பாலன கொலஸ்டிரால் கற்கள், வெளிர்மஞ்சள் நிறமுடையவை. தென்னாட்டிலோ கருமையும் பழுப்பும் ஆன நிறமிக் கற்களுக்கும், இரண்டும் கலந்த கற்களுக்கும் பெரும் பங்கு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த குடல்நோய் வல்லுநர் வி. ஜெயந்தி முதலானோர், கோயம்புத்தூர் மாவட்டத்துப் பித்தக்கற்களின் வேதியியற் கூறுகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டது இத்துறையில் தமிழ்நாட்டில் நடந்த பணிகளுள் ஒன்று.

நிறமிக் கல் வேறு கதையுடையது. குருதியின் செவ்வணுக்கள் முதிர்ந்து அழியும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமி பிறக்கின்றது. கல்லீரல் அதனோடு வேறொரு பொருளை இணைத்து நீரில் கரையுமாறு செய்து பித்தநீரில் விடும். செவ்வணுக்கள் அளவு மீறி அழியும் நோயில் நிறமி மிகுந்து கருங்கல் உண்டாகும். அரிவாள் வடிவச் செவ்வணு நோய் இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் அறியப்பட்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான். அத்தகைய நோயில் இளமையிலேயே நிறமிக் கல் தோன்றுவதுண்டு. பழுப்புக் கல்லுக்குக் காரணம் கிருமி. குடற்கிருமிகள் பித்தக்குழாயில் ஏறி, கல்லீரல் இணைத்துவிட்ட கட்டை அவிழ்க்க, பிரிந்த நிறமி சுண்ணாம்புச் சத்தோடு கூடிப் படியும் என்பதை ஜப்பானிய அறுவை மருத்துவர் மாக்கி 1966-இல் விளக்கினார். அந்நாட்டிலும் முன்பு நிறமிக் கல்லே மிகுதி; போருக்குப் பின் உணவும் வாழ்வும் மாற, கொலஸ்டிரால் கல் பெருகிற்று. நம் நகரங்களும் அவ்வழியே செல்வனவாகலாம்.

இப்போது கோரோசனையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அதன் செம்மஞ்சள் நிறம் பிலிரூபின் தந்தது. பித்த அமிலங்களும் அதில் உண்டு. கொலஸ்டிராலின் பங்கோ சிறிது. செவ்ரூல் ஆராய்ந்த வெண்படிகத்தினும், நம்மவர் வயிற்றுப் பழுப்புக் கல்லுக்கே மாட்டின் கல் நெருங்கிய உறவு. கோரோசனை ஒரு வகைக் கல்லுக்கும், கொலஸ்டிரால் மறுவகைக் கல்லுக்கும் அடையாளமாக நிற்கின்றன.

இவ்வேற்றுமையால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். மருந்தின் வரலாறு அதற்கு விடை கூறும். பெர்லினில் லாங்கன்புக் என்னும் அறுவை மருத்துவர் 1882 ஜூலை 15-ஆம் நாள் முதன்முதலாகப் பித்தப்பையையே அகற்றினார். யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பை இல்லை. ஆகவே அஃதின்றியும் வாழ இயலும் என்று அவர் கருதினார். அக்கருத்துச் சரியே. ஆயினும் கத்திக்கு அஞ்சாதவர் யார்? கல்லை மருந்தால் கரைக்க இயலாதா என்னும் ஆசை எக்காலத்தும் இருந்தது. 1972-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், வாத்தின் பித்தத்தால் பெயர் பெற்ற ஒரு பித்த அமிலத்தை உண்ணக் கொடுத்துக் கொலஸ்டிரால் கற்களைக் கரைத்துக் காட்டினர். சுமக்கும் அமிலத்தை மிகுத்தால் விகிதம் சீராகும். சீரானால் படிகம் மீண்டும் கரையும். முக்கோணக் கணக்கு மெய்யாயிற்று! பின்னர், கரடியின் பித்தத்தில் உள்ள மற்றோர் அமிலத்தை ஜப்பானியர் மருந்தாக்கினர். உர்சோ என்னும் மாத்திரை அதுவே. 1927-இல் ஒக்காயாமா நகரில் ஷோடா அதனைத் தூய படிகமாகப் பிரித்தார். 1975-ஐ ஒட்டி அது பித்தக்கல்லைக் கரைக்கும் என்பது தெரிந்தது. இன்று அதனைப் பெரும்பாலும் மாட்டுப் பித்தத்தின் அமிலத்திலிருந்தே ஆலைகளில் மாற்றிச் செய்கின்றனர். கோரோசனை தந்த மாடு இம்மாத்திரைக்கும் மூலப்பொருள் தருகின்றது!

ஆனால் இம்மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. அது கரைப்பது கொலஸ்டிரால் கல்லை மட்டுமே. நிறமிக் கல்லை அது தொடாது. சுண்ணாம்பு ஏறிய கல்லையும் தொடாது. கொலஸ்டிரால் கல்லிலும் சிறியதாய், பித்தப்பை நன்கு இயங்குவதாய் இருந்தால்தான் பயன் உண்டு. அதுவும் பல மாதங்கள் உண்ணல் வேண்டும். கரைந்தபின் ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மீண்டும் கல் வரும். மேல்நாட்டு நூலில் கரையும் என்று படித்துவிட்டு, நிறமிக் கல்லுடைய தென்னாட்டு நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுத்தால் கரைவது கல்லன்று, அவர் கைப்பொருளே. கல்லின் இயல்பறிந்து மருந்திட வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

மற்றொரு மயக்கமும் நம் மக்களிடையே உண்டு. கல் என்றவுடன் வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் குடிநீரும் நினைவுக்கு வருகின்றன. அவை சிறுநீர்க் கல்லுக்கு நம் முன்னோர் கண்ட மருந்துகள். சிறுநீர் செல்லும் வழி வேறு. பித்தம் செல்லும் வழி வேறு. சிறுநீரைப் பெருக்குவதால் பித்தப்பையின் கல் அசையாது. அவ்வாறு சாறு குடித்துக்கொண்டே மாதங்களைக் கழிப்போர், விலா அடியில் வலப்புறம் எழுந்து முதுகுக்கும் தோளுக்கும் பரவும் வலியைப் பொறுத்துக்கொள்வர். வலியோடு காய்ச்சலும், கண்ணில் மஞ்சளும் தோன்றினால் அது குழாய் அடைபட்டதன் அறிகுறி. அப்போது ஒரு நாளும் காத்திருத்தல் ஆகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கணையம் வீங்கி உயிருக்கே ஊறு நேர்வதும் உண்டு. அதே வேளையில், கல் இருப்போர் பலர் வாழ்நாள் முழுதும் வலியின்றியே வாழ்வர் என்பதையும் சொல்ல வேண்டும். வேறு காரணத்துக்காக ஒலியலைப் படம் எடுத்து, வலி தராத கல் ஒன்றைக் கண்டவுடன் அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை; மருத்துவர் சொற்படி காத்திருக்கலாம்.

வலி தரும் கல்லுக்கு அறுவையே இன்றும் தக்க வழி. அதுவும் முன்போல் அச்சந்தருவதன்று. 1985-இல் செருமனியில் மூகே என்பவர் வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கருவியின் வழியே பார்த்துப் பித்தப்பையை அகற்றினார். இந்தியாவில் 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெகம்டன் உத்வாடியா அம்முறையைத் தொடங்கி வைத்தார். அதன்பின் அது நாடெங்கும் பரவிற்று. முன்பு வடார்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதியாய் இருந்து, 1989-இல் தனி மாவட்டத்தின் தலைநகரான திருவண்ணாமலையிலிருந்து, பெருநோய் வந்தால் வடக்கே வேலூருக்கு வண்டி கட்டிச் செல்வது பழைய வழக்கம். அங்கே 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணி பெரிய மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்து நின்றது. இன்று திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. 2013-இல் அது தொடங்கப்பட்டது.

கல்லூரி இருக்கும் இடத்தில் கற்றலும் நிகழ வேண்டும். அறுவையில் எடுத்த கல்லை ஒரு சிறு புட்டியிலிட்டு உறவினர் கையில் கொடுப்பது வழக்கம். அவர்கள் சில நாள் வந்தவர்க்கெல்லாம் காட்டிவிட்டுக் குப்பையில் எறிவர். அக்கல் வெறுங்கல் அன்று. அதனை அறுத்துப் பார்த்தால், மரத்தின் குறுக்குவெட்டில் வளையங்கள் தெரிவதுபோல் அடுக்கடுக்காகப் படிந்த பொருள்கள் தெரியும். ஒருவர் உடலில் பல ஆண்டு நடந்த வரவு செலவை எழுதி வைத்த ஓலைச்சுவடி அது. ஆயிரம் பேரின் கற்களைச் சேர்த்து ஆராய்ந்தால், ஒரு வட்டாரத்தின் உணவும் நோயும் குலமரபும் எவ்வாறு மாறி வருகின்றன என்பது புலனாகும். திருவண்ணாமலை வட்டாரத்துக் கல் இன்னும் நிறமிக் கல்தானா, கொலஸ்டிரால் கல்லாக மாறி வருகின்றதா? அருகில் உள்ள ஜவ்வாது மலையில் வாழ்வோரின் கல்லும், நகரத்தில் கடை வைத்திருப்போரின் கல்லும் ஒன்றுதானா? இவ்வினாக்களுக்கு விடை பாரிசிலும் பெர்லினிலும் கிடைக்காது. விடை நம் அறுவைக் கூடத்துப் புட்டியில் இருக்கின்றது.

மாட்டின் பித்தக்கல் கிடைத்தால் அதனைப் பஞ்சில் பொதிந்து, பொன் நிறுக்கும் தராசில் நிறுத்து, பெயரும் விலையும் இட்டுக் காக்கிறோம். மனிதனின் பித்தக்கல்லுக்கும் அவ்வளவு மதிப்புக் கொடுத்து, எவர் ஊர், என்ன வயது, எவ்வகைக் கல் என்று குறித்து வைத்தால், அடுத்த தலைமுறையின் நோயாளி வீண் மருந்தினின்றும் வீண் பழியினின்றும் விடுபடுவார். நம் மருத்துவக் கல்லூரிகள் அப்பணியை மேற்கொள்ளுமாக.